பேச்சி மடுவுக்கு ஒரு ஜோடி

கால கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. வாளி ஆடுச்சுன்னா உள்ள இருக்கவ மிரண்டுருவா. மீனுதான். பெயிண்ட் வாளில மீனான்னு பாக்காதீங்க, மணலு போட்டுத் தேச்சுக் கழுவி மூணு நாளு வெயில்ல காய வச்ச வாளி. மூடில ஓட்டை போட்டிருக்கேன் பாத்தீங்களா, அது அவ மூச்சு விடுததுக்கு. விரால் சாதி தண்ணிக்கு மேல வந்து வாயத் தொறந்து காத்துக் குடிக்கும், மத்த மீனு மாதிரி இல்ல. அதுலயும் இது பூவிரால். ஆத்துல ஆழமான எடத்துலதான் கெடக்கும். இவ ரெண்டரைக் கிலோ இருந்தா. இப்ப மெலிஞ்சு போயிட்டா.

விக்கதுக்கு இல்ல. கண்டக்டரும் அதான் கேட்டாரு. இல்லைய்யா, மாப்பிள்ளை பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே லக்கேஜ் டிக்கெட் கிழிச்சாரு. சிரிக்கட்டும், நான் சொன்னது நெசம். மேலக்கரைக்குளத்துல யாக்கோபுன்னு ஒரு வலைக்காரரு இருக்காரு. அவரு வீட்டுத் தொட்டில ஒரு பூவிரால் வச்சிருக்காராம். ஆணான்னு போன்ல கேட்டேன். ஆணுன்னுதான் நெனைக்கேன்னாரு. நெனைக்காராம். அந்த நெனப்ப நம்பி ரெண்டு பஸ்ஸு மாறிப் போய்க்கிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு ஜோடி வேணும். இன்னைக்கி வெள்ளி.

இவள வீட்ல விட்டுட்டு ஆண மட்டும் வாங்கியாந்தா என்னன்னு கேக்கீங்களா? யாரு பாத்துக்கிடுவா? நான் ஒருத்தரையும் நம்புத ஆளு இல்ல. நம்பிக் கெட்டது போதும்.

நீங்க நம்ம பக்கத்து ஆளு இல்லேல்லா? பேச்சப் பாத்தாலே தெரியுது. நல்லதாப் போச்சு. வெளியூர்க்காரர்ட்டதான் இதச் சொல்ல முடியும்.

எம் பேரு தளவாய். ஊரு அத்தியடி. ஊருக்கு வடக்க ஆறு வளையுத எடத்துல பேச்சி மடுன்னு ஒண்ணு உண்டு. அக்கினி வெயில்லயும் ரெண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணி நிக்கும். அந்த மடுவுல மீனத் தொடச்சு எடுத்ததுல எனக்கும் பங்கு உண்டு, பொய் சொல்லக் கூடாது. வெடித் தோட்டா போட்டிருக்கேன். பேட்டரி கட்டிக் கரண்டு விட்டிருக்கேன். பொறவு ஒரு நாளு விடிஞ்சதுலருந்து வலை வீசி மத்தியானம் வரைக்கும் ஒரே ஒரு ஜிலேபிக் கெண்டைதான் கெடச்சுது. அன்னைக்கிதான் புத்தி வந்துது.

எங்க ஊர்ல வலைக்காரங்க பதினோரு வீடு. எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுனது நாந்தான். மூணு வருசம் மடுவ சும்மா விட்டுருவோம், யாரும் வலை எறக்கக் கூடாது, தூண்டில் போடக் கூடாது. மீனு பெருகிட்டா அளவாப் புடிச்சுக் காலத்துக்கும் சாப்பிடலாம். பெருகலைன்னா மடுவக் குத்தகைக்காரர்ட்ட விட்டுட்டு அவரவர் சோலியப் பாப்போம். இதான் பேச்சு. அதுல ஒரு சட்டம் நான் போட்டது. குஞ்சோட நிக்க விரால என்ன காரணத்துக்கும் தொடக் கூடாது.

ஏன்னு நாந்தான் எல்லாருக்கும் வெளக்குனேன். விரால் குஞ்சு பொரிச்சா ஆத்தாளும் அப்பனும் ஒரு மாசம் கூடவே நிக்கும். குஞ்சு ஆயிரக்கணக்குல ஒரே கூட்டமா மேல வந்து காத்துக் குடிக்கும்போது தண்ணி உலை கொதிக்க மாதிரி இருக்கும். கீழ ரெண்டும் காவல். எது கிட்ட வந்தாலும் பாஞ்சு கடிக்கும். தூண்டில்காரனுக்கு அது போதும். கொதிக்க எடத்துல ரப்பர் தவளையத் தூக்கிப் போடுவான். பசியே இல்லாட்டாலும் கோவத்துல வந்து கடிக்கும். பெரிசத் தூக்கிட்டான்னா அம்புட்டுக் குஞ்சும் போச்சு. இத நான் கைய ஆட்டி ஆட்டி நடிச்சே காட்டுனேன். பதினோரு வீடும் என் பேச்சக் கேட்டுச்சு.

காவலுக்கும் என்னையத்தான் போட்டாவ. என் வீச்சு வலைய அம்மன் முன்னால வச்சு, இனி தொடமாட்டேன்னு ஒப்படைச்சேன். காக்கிச் சட்டை ஒண்ணு தச்சேன். விசில் ஒண்ணு வாங்குனேன். ஊருப் பிள்ளைக கேலி பண்ணத்தான் செஞ்சுது. பண்ணட்டும்னு விட்டேன்.

மொத வருசம் மடுவுல ஒரே ஒரு ஜோடிதான் பாத்தேன். பொரிச்சு எட்டாம் நாளு மேல அணையத் தொறந்துட்டாவ. வயலுக்குத் தண்ணி, தப்புச் சொல்ல முடியாது. ஆனா குஞ்சுக் கூட்டத்த வெள்ளம் அடிச்சுட்டுப் போயிட்டு. ரெண்டாம் வருசம் அதுக்கு நேர் எதிர். கோரைக்குள்ள முட்டை போட்டு மெதக்க விட்டிருந்துது. அந்த நேரம் பாத்துத் தண்ணிய நிறுத்திட்டாவ. காலைல போய்ப் பாக்கேன், முட்டை அம்புட்டும் சேத்துல ஒட்டிக் கெடக்கு. நான் குடத்துல தண்ணி கோரிக் கோரி ஊத்திக்கிட்டு நின்னேன். சொர்ணம் வந்து, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சான்னு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனா. சொர்ணம் என் வீட்டுக்காரி.

மூணாவது வருசம் இந்த வருசம். வைகாசில பொரிச்சுது. பத்து நாளு போச்சு. பதினஞ்சு நாளு போச்சு. ஒவ்வொரு குஞ்சும் விரல் நகம் நீளத்துக்கு வந்துட்டு, கருத்த உடம்புல செம்மஞ்சக் கோடு. இன்னும் பதினஞ்சு நாளு தாண்டுனா போதும், தானாப் பொழச்சுக்கிடும். நான் சோறு திங்கப் போறதுன்னாலும் ஓடிப் போயி ஓடி வருவேன். ஏன்னா இதான் கடைசி வருசம். இத விட்டா மடு போச்சு.

அப்பதான் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்துது. மெட்ராசு, திருப்பூருன்னு பொழைக்கப் போன எளவட்டம் அம்புட்டும் ஊர்ல வந்து எறங்குச்சு. எவனோ மடுவுல தண்ணி கொதிக்கத செல்போன்ல படம் புடிச்சுப் போட்டுட்டான். கொடைக்கு முந்துன நாளு ஆத்தங்கரைல அஞ்சு தூண்டில் எண்ணுனேன். எல்லாம் சக்கரம் வச்ச தூண்டில். விசில் ஊதுனேன். சரி மாமா, சரி மாமான்னாவ. ஒருத்தன் சொல்லுதான், புடிச்சு போட்டோ எடுத்துட்டுத் திரும்ப விட்டுருவோம் மாமா, அஞ்சு நிமிசந்தான்னு. அஞ்சு நிமிசம் போதும்ல, சுத்திக் கெளுத்தி காத்துக் கெடக்கு, காவல் நகந்தா குஞ்ச அள்ளி முழுங்கிரும்னு ஏசி வெரட்டுனேன். நாந்தான் சொன்னேன், பாத்துக்கிடுங்க. எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல.

வெரட்டிட்டேன். ஆனா மறுநாளு வருவான். அதுக்கு மறுநாளும் வருவான். நான் ஒத்தை ஆளு. கொடை அன்னைக்கி மத்தியானம் ஊரே கோயில்ல நிக்கி, மேளச் சத்தம் ஆத்தங்கரை வரைக்கும் கேக்கு. நான் மடுவப் பாத்துக்கிட்டு நிக்கேன். அப்ப ஒரு யோசனை வந்துது. வேற யாருக்கும் இது தோணியிருக்காது. ரெண்டையும் நாமளே எடுத்துட்டா என்ன?

தப்பா எடுத்துக்கிடாதீங்க. எடுத்துட்டுன்னா, பத்திரப்படுத்திட்டா. கொல்லைல எனக்குக் கெணறு இருக்கு. நாலு நாளு அதுல விட்டு வச்சு, வந்தவங்க அம்புட்டுப் பேரும் பஸ் ஏறுனதும் மடுவுலயே கொண்டாந்து விட்டுரலாம்.

என் வலைதான் அம்மன்ட்ட இருக்கே. செம்புலிங்கம் வீட்டு வேலில அவன் வீச்சு வலை தொங்குச்சு. செம்புலிங்கம் யாருன்னா, சொர்ணத்துக்கு நேர் இளையவன், என் மச்சினன். வீட்ல ஆளு இல்ல, எல்லாரும் கோயில்ல. எடுத்தேன். ஒரே வீச்சு. ரெண்டும் விழுந்துச்சு. அதுக ஓடவே இல்ல அண்ணாச்சி. மத்த மீனு வலை நெழலப் பாத்தாலே ஓடும். இதுக குஞ்ச விட்டுட்டு எங்க ஓட.

குஞ்சு அம்புட்டும் வலைக்கண்ணு வழியா நழுவி மடுவுலயே நின்னுட்டு. நிக்கட்டும்னு விட்டேன். கொடைக்கு வந்தவன் பெரிசத்தானே தேடுவான், நகத்தளவு குஞ்ச எவன் புடிக்கப் போறான்? நாலு நாளுதானே. ரெண்டையும் கெணத்துல எறக்குனேன். வலைய அலசி, இருந்த மாதிரியே அவன் வேலில போட்டேன். அன்னைக்கிச் சாயங்காலந்தான் நிம்மதியாக் கோயிலுக்குப் போயிக் கும்பிட்டேன்.

நாலாம் நாளு மடுவுக்குப் போனா தண்ணி அசையாம நிக்கி. கொதிப்பு இல்ல. கரையச் சுத்தி வந்தேன், கோரைய வெலக்கி வெலக்கிப் பாத்தேன். ஒரு குஞ்சு இல்ல. கெளுத்தி தின்னுச்சா, நீர்க்காகம் தின்னுச்சா, எவனும் கரண்டு விட்டானா, எனக்கு இன்னைக்கி வரைக்கும் வெளங்கல. அப்படிப் பொத்திப் பொத்திக் காத்தேன். யாரு கண்ணு பட்டுதோ.

அன்னைக்கே ஊரு கூடிருச்சு. ஜோடியும் இல்ல, குஞ்சும் இல்ல, பெரிசத் தூக்குனவன் யாருன்னு பேச்சு. கொடைக்கு வந்த பயலுக மேலதான் மொதல்ல சந்தேகம். பொறவு யாரோ சொன்னான், பதினோரு வீட்டு வலையையும் பாத்துருவோம்னு. செம்புலிங்கம் வலைல ரெண்டு செதில் ஒட்டிக்கிட்டு இருந்துது. பெரிய செதில். பூவிரால் செதில் எங்க ஆளுகளுக்குத் தெரியாதா என்ன? நான் நல்லா அலசிட்டேன்னுதான் நெனச்சேன்.

அவன் அம்மன் மேல சத்தியம் பண்ணுனான். எங்க வலைக்காரங்க சங்கத் தலைவரு என்னையப் பாத்துக் கேட்டாரு. தளவா, நீ காவக்காரன், செம்புலிங்கம் மடுவுல வலை போட்டதப் பாத்தியான்னு. பாக்கலைன்னேன். இது பொய்யா அண்ணாச்சி? நான் பாக்கலைதானே. கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொன்னேன். ஆனா அவங்க என்ன நெனச்சாங்கன்னா, மச்சினனக் காட்டிக் குடுக்க மனசு வராம இவன் மூடி மறைக்கான்னு நெனச்சுட்டாங்க. தலைவரு வந்து என் தோள்ல தட்டிக் குடுத்து, உன் நெலமை புரியுது தளவான்னாரு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

செம்புலிங்கம் வலையப் புடுங்கிட்டாவ. ஞாயித்துக்கிழமை வருசக் கூட்டம். அதுல சங்கத்துலருந்து அவன் பேர அடிக்கப் போறாவ. அடிச்சா ஆத்துல எங்கயும் அவன் கால வைக்க முடியாது. அன்னைக்கே மடுவயும் குத்தகைக்கு விட்டுரப் போறாவ. காவல் போட்டும் திருடுனா காவல் எதுக்குன்னு பேசிக்கிடுதாவ. நியாயந்தானே.

அவன் பண்ணல. எனக்குத் தெரியாதா? ஆனா அவனும் ஒண்ணும் லேசுப்பட்ட ஆளு இல்ல. போன வருசம்லாம் மடுவ எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே நிப்பான். எத்தனை கிலோ இருக்கும் அத்தான்னு கேப்பான். பண்ணக்கூடியவன்தான். சமயம் வாய்க்கல, அவ்வளவுதான். அப்படி நெனச்சுப் பாத்தா எனக்குக் கொஞ்சம் மனசு ஆறும். ரொம்ப நேரம் ஆறாது.

சொர்ணத்துக்குத் தெரியும். கெணத்துல தண்ணி எறைக்கப் போனவ ரெண்டையும் பாத்துட்டா. நீங்க கூட்டத்துல சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன்னு சொன்னா. சேலைய மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிட்டா. போகும்போது வாசல்ல நின்னு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுப்பேன், நீங்க சொல்லலைன்னா நான் எந்திரிச்சு நின்னு சொல்லுவேன்னா. முப்பத்தோரு வருசம் கூட வாழ்ந்தவ. அவ சொன்னா சொன்னதுதான்.

நீங்க கேப்பீங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேம்யான்னு. சொல்லலாம். சொன்னா என்ன ஆகும்? சட்டம் போட்டவனே சட்டத்த ஒடைச்சான்னு ஆகும். இனிமே அந்த ஆத்துல எவன் எந்த மீன விடுவான்? மறுநாளே பேட்டரியத் தூக்கிட்டு எறங்கிருவான். நான் எனக்காகச் சொல்லாம இருக்கேன்னு நெனைக்காதீங்க. ஆத்துக்காகத்தான். பாதியாவது ஆத்துக்காக.

அதான் ஒரு வழி கண்டுபுடிச்சேன். ஜோடிய மடுவுல திரும்ப விட்டுட்டா? ஞாயித்துக்கிழமை காலைல எல்லாரையும் கரைக்குக் கூட்டிட்டுப் போயி, அங்க பாருங்க, ரெண்டும் இருக்கு, யாரும் புடிக்கல, கோரைக்குள்ள ஒளிஞ்சு கெடந்திருக்குன்னு காட்டிட்டா முடிஞ்சு போச்சுல்லா? செம்புலிங்கத்துக்குப் பேரு திரும்பக் கெடைக்கும். மடு தப்பிக்கும். சொர்ணம் வீட்டுக்கு வந்துருவா. யாருக்கும் ஒரு சேதாரம் இல்ல.

ஆனா ஆணு செத்துப் போச்சு. கெணத்துல விட்ட நாள்லருந்தே அது நிக்கல. சுத்திச் சுத்தி வரும், போயிக் கல்லுல முட்டும். திரும்ப ஒரு சுத்து, திரும்ப முட்டும். என்னத்தத் தேடிச்சோ. தவளை போட்டேன், பொடி மீனு போட்டேன், திரும்பியே பாக்கல. மூஞ்சி புண்ணாகிப் பஞ்சு மாதிரிப் பூசணம் புடிச்சுப் போயி, பன்னெண்டாம் நாளு மெதந்துச்சு. நானே கொல்லைல குழி வெட்டிப் பொதச்சேன். அழுதேன் அண்ணாச்சி, ஒங்கள்ட்டச் சொல்லுததுக்கு என்ன. எங்க அப்பா செத்தப்பகூட அப்படி அழல.

அப்பறம் பத்து ஊருக்குப் போன் போட்டுட்டேன். மீன்பண்ணைக்குப் போனேன். கட்லா இருக்கு, ரோகு இருக்கு, பூவிராலுக்கு எங்க போறதுன்னுட்டாவ. கடைசில யாக்கோபு ஒருத்தருதான். அது ஆணா இல்லைன்னா என்ன செய்யன்னு நான் இன்னும் நெனச்சுப் பாக்கல. நெனச்சா இந்தப் பஸ்லயே உக்காந்திருக்க முடியாது.

இருங்க, ரொம்ப நேரமாச் சத்தமே இல்ல. மூடியத் தொறந்து பாத்துருவோம். ஒண்ணும் தெறிக்காது. இருக்கா. அசையாம நிக்கா பாருங்க. வெரல விட்டா என்ன செய்வான்னு பாருங்க. இந்தா. பாத்தீங்களா? ரத்தம் ஒண்ணும் இல்ல, லேசாக் கீறல். எப்ப வெரல விட்டாலும் இப்படித்தான் பாஞ்சு கடிக்கா. நாப்பது நாளாச்சு. குஞ்சு ஒண்ணுகூட இல்ல. வெறும் தண்ணி. இந்த வாளிக்குள்ள எதக் காக்கான்னு தெரியல. அவளுக்கு யாரு சொல்லுவா, குஞ்சு இல்லம்மா, நீ மடுவ விட்டு வந்த அன்னைக்கே. அன்னைக்கே. நான் அன்னைக்கி அந்த வலைய.

போன் அடிக்கி. கொஞ்சம் வாளியப் புடிச்சுக்கிடுங்க. அவன்தான். செம்புலிங்கம்.

ஏல, சொல்லு மாப்ள. ஆமா, பஸ்லதான். ஒரு சோலியா வெளில. எங்க? கொச்சிக்கா? எதுக்குல இப்பம்? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கக் கூடாதா? இல்லல, நான் சொல்லுதேன் கேளு, நான் ஒரு ஏற்பாடு. மாப்ள, அழாத. ஏல, அழாதல. நான் உன்ட்ட ஒண்ணு. ஒண்ணுமில்ல. ஆமா. ஆமா, நம்புதேன். நான் நம்பாம யாரு நம்புவா. சரி. பாத்துப் போ. வேளைக்குச் சாப்பிடு.

வச்சுட்டான்.

போறானாம் அண்ணாச்சி. கொச்சில மீன்பிடி போட்டுல ஆளு எடுக்காங்களாம். ஞாயித்துக்கிழமை எல்லாரு முன்னாலயும் பேரு அடிபட நின்னு பாக்க முடியாதுன்னு இன்னைக்கே ரயில் ஏறுதான். ஸ்டேசன்ல நிக்கான், பின்னால அறிவிப்புச் சத்தம் கேட்டுது. என்ன சொன்னான் தெரியுமா? ஊர்ல ஒரு நாய்கூட என்னைய நம்பல அத்தான், எங்க அக்காகூட என் மூஞ்சியப் பாத்துப் பாத்து அழுதாளே தவிர நீ பண்ணலடான்னு ஒரு வார்த்தை சொல்லல, நீங்க ஒருத்தருதான் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு பாக்கலைன்னு சொன்னீங்க, அத நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்னான். நீங்களாவது நம்புதீங்களா அத்தான்னு கேட்டான். நான் என்ன சொன்னேன்னு நீங்களே கேட்டீங்கல்லா.

அண்ணாச்சி, ஒரு உதவி பண்ணுங்க. இந்தாங்க போனு. ரயிலு கெளம்ப இன்னும் நேரம் இருக்கும். நீங்க பேசுங்க. யாரோ ஒருத்தன்னு சொல்லி, நான் உங்கள்ட்டச் சொன்னத அப்படியே அவன்ட்டச் சொல்லிருங்க. என் வாயில வரமாட்டேங்கு. பச்சைப் பட்டன், அத அமுக்குனாப் போதும், அவன் பேருதான் மேல இருக்கு.

வேண்டாம். குடுங்க இங்க. நீங்க சொன்னாலும் அவன் நம்பமாட்டான். எங்க அத்தான் அப்படிச் செய்ய மாட்டாருன்னு உங்களத்தான் ஏசுவான்.